டிவி கேம் பெட்டிக்குள் இருந்தவர்கள்

வீடியோ கேமைக் கண்டுபிடித்தது யார் என்று நம் பசங்களிடம் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் ஜப்பான்காரன் என்பார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் அட்டாரி என்று ஒரு அமெரிக்கக் கம்பெனியைச் சொல்வார்கள். கேசட்டை மாற்றி மாற்றிப் போட்டு ஆடுகிற பெட்டியை முதலில் கடைக்குக் கொண்டுவந்த குழுவின் தலைவர் ஒரு கறுப்பினத்தவர் என்று சொல்பவரை நான் இதுவரை பார்த்ததில்லை. பொறியியல் கல்லூரியில் படிக்கும் தோழர்களிடமும் கேட்டேன், தெரியவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பாடப்புத்தகத்தில் இல்லாத பெயர் அது. அமெரிக்காவிலேயே 2011 வரை அது பெரிதாகப் பேசப்படவில்லை.

'தகுதி, திறமை' என்று நம்மிடம் பேச வருகிறவர்கள் அதிகம். 'உங்கள் ஆட்கள் எதைக் கண்டுபிடித்தார்கள்?' என்று கேட்பதும் அதே வாய்தான். அதனால் இந்தப் பெட்டியின் வரலாற்றைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

டிவியில் விளையாடலாம் என்ற யோசனையைச் செய்து காட்டியவர் ரால்ஃப் பேர். 1922இல் ஜெர்மனியில் பிறந்த யூதர். யூதன் என்பதற்காகவே பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டவர். 1938இல் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குத் தப்பி வந்தார். பிறகு ராணுவத்துக்குக் கருவிகள் செய்து கொடுக்கும் சாண்டர்ஸ் என்ற நிறுவனத்தில் வேலை. 1966இல் அவருக்குத் தோன்றிய யோசனை 1972இல் மேக்னவாக்ஸ் ஒடிசி என்ற பெயரில் கடைக்கு வந்தது. அதில் சத்தம் கிடையாது, நிறம் கிடையாது. திரையில் வெள்ளைப் புள்ளிகள் நகரும். மைதானம் வேண்டும் என்றால் அச்சடித்த பிளாஸ்டிக் தாளை டிவி கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகு வந்த அட்டாரியின் வீட்டுப் பெட்டியும் உள்ளே பொறித்து வைத்த ஒரே ஆட்டத்தைத்தான் ஆடியது. அது சலித்தால் பெட்டியைப் பரண் மேல் போட வேண்டியதுதான்.

இந்த இடத்தில்தான் ஜெர்ரி லாசன் வருகிறார்.

1940இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார், குவீன்ஸ் பகுதியில் வளர்ந்தார். அப்பா துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளி, அறிவியல் நூல்கள் படிப்பதில் ஆர்வம் உள்ளவர். தாத்தா இயற்பியல் படித்தவர். ஆனால் கறுப்பருக்கு அந்த வேலை கொடுக்க ஆளில்லாததால் அஞ்சலகத்தில் வேலை பார்த்தார். இந்த ஒரு வரியை நம் குடும்பங்களில் எத்தனை பேர் அப்படியே சொந்தக் கதையாகச் சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அம்மா நகராட்சி ஊழியர். மகன் படிக்கும் பள்ளி சரியாக இருக்கிறதா என்று ஆசிரியர்களை நேரில் போய்க் கேள்வி கேட்டுப் பார்க்கிறவர். பெற்றோர் சங்கத்திலும் பொறுப்பில் இருந்தார்.

முதல் வகுப்பில் லாசனின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு படம் மாட்டியிருந்ததாம். அடிமைக் குடும்பத்தில் பிறந்து விவசாய விஞ்ஞானியான ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரின் படம். நீயும் இவரைப் போல ஆகலாம் என்று ஆசிரியை சொன்னதைத்தான் தன் வாழ்க்கையின் தொடக்கமாக லாசன் வயதான பின்னும் நினைவுகூர்ந்தார். நம் காலனிகளில் நடக்கும் இரவுப் பள்ளிகளில் அம்பேத்கர் படத்தை ஏன் பிள்ளைகளின் கண் மட்டத்துக்கு மாட்டச் சொல்கிறோம் என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. சத்தாராவில் வகுப்பறை மூலையில் சாக்குத் துணியில் உட்கார வைக்கப்பட்ட சிறுவனுக்கு அப்படி ஒரு படமும் இல்லை, அப்படிச் சொல்ல ஓர் ஆசிரியையும் இல்லை.

சிறுவயதிலேயே லாசன் அமெச்சூர் ரேடியோ நடத்த உரிமம் வாங்கினார். வாலிப வயதில் வீடு வீடாகப் போய் டிவி ரிப்பேர் செய்து காசு சம்பாதித்தார். கல்லூரிக்குப் போனார், பட்டம் முடிக்கவில்லை. சரியாகச் சொன்னால் ஒரு டிவி மெக்கானிக். 1970இல் கலிபோர்னியாவில் ஃபேர்சைல்ட் என்ற சிப் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே வேலை செய்துகொண்டே தன் வீட்டு கராஜில் காசு போட்டு ஆடும் கார் மோதல் விளையாட்டு ஒன்றைச் சொந்தமாகச் செய்தார். அதைப் பார்த்துத்தான் கம்பெனி அவரிடம் வீடியோ கேம் பொறுப்பைக் கொடுத்தது.

1976 நவம்பரில் ஃபேர்சைல்ட் சேனல் எஃப் வெளிவந்தது. ஆட்டம் பெட்டிக்குள் இல்லாமல் தனியாக ஒரு கேசட்டில் இருந்தது. கேசட்டை மாற்றினால் ஆட்டம் மாறும். இன்று இது ஒன்றுமே இல்லாததாகத் தெரியும். அன்று அது சாதாரண விஷயம் இல்லை. சிறுவர்கள் நூறு முறை செருகிப் பிடுங்கினாலும் உள்ளே இருக்கும் சிப் சாகக் கூடாது, முனைகள் தேயக் கூடாது. பக்கத்து வீட்டு டிவியில் இரைச்சல் வரக் கூடாது என்று அமெரிக்க அரசின் ஒலிபரப்பு ஆணையம் வைத்த சோதனையில் வேறு தேற வேண்டும். ஆட்டத்தைப் பாதியில் நிறுத்தி வைக்கும் பொத்தானும் அந்தப் பெட்டியில் இருந்தது.

ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். இணையத்தில் சிலர் லாசனை 'கேசட்டைத் தனியாகக் கண்டுபிடித்தவர்' என்று போடுகிறார்கள். அப்படி இல்லை. ஆல்பெக்ஸ் என்ற சிறு நிறுவனத்தில் வாலஸ் கிர்ஷ்னர், லாரன்ஸ் ஹாஸ்கல் என்ற இருவர் முதல் மாதிரியைச் செய்திருந்தார்கள். அதை மதிப்பிட்டு, கடைக்குப் போகும் பொருளாக மாற்றிய குழுவின் தலைமைதான் லாசனுடையது. நம் ஆட்களின் பெருமையைப் பேசும்போது நாமே மிகைப்படுத்தினால், மறைக்கிறவனுக்கு அதுவே சாக்காகிவிடும். உள்ளது உள்ளபடியே போதுமான அளவு பெரியது.

அடுத்த வருடமே, 1977இல், அட்டாரி அதே வழியில் தன் பெட்டியைக் கொண்டுவந்து சந்தையைப் பிடித்தது. சேனல் எஃப் மறந்து போனது. லாசனும் மறக்கப்பட்டார். விளையாட்டு உருவாக்குபவர்களின் சர்வதேசச் சங்கம் 2011 மார்ச்சில் அவரைக் கூப்பிட்டு மரியாதை செய்தது. அடுத்த மாதம் இறந்துபோனார். (இன்னொரு தகவல், சிரிப்பதற்காக: ஃபேர்சைல்டில் வேலை கேட்டு வந்த ஸ்டீவ் வாஸ்னியாக்கை நேர்காணல் செய்து வேண்டாம் என்று அனுப்பியவரும் லாசன்தான். வாஸ்னியாக் பிறகு ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவர்.)

இதோடு நிறுத்தினால் 'படித்து முன்னேறிய நம்மைப் போன்ற ஒருவர்' என்ற இதமான கதையாக முடிந்துவிடும். ஆனால் அதே ஃபேர்சைல்டுக்கு இன்னொரு முகம் இருக்கிறது.

நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஷிப்ராக் என்ற ஊர். நவஹோ பழங்குடி மக்களின் நிலம். 1965இல் ஃபேர்சைல்ட் அங்கே சிப் பொருத்தும் ஆலையைத் தொடங்கியது. உச்சத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை செய்தார்கள், பெரும்பாலும் நவஹோ பெண்கள். நுண்ணோக்கி வழியாகப் பார்த்துப் பார்த்து முடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டும் வேலை. பயிற்சிக் காலச் சம்பளத்தில் ஒரு பங்கை அரசே கொடுத்தது. அதாவது 'ட்ரெய்னி' என்ற பெயரில் மலிவான உழைப்பு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வருடக்கணக்காக 'ட்ரெய்னி'யாகவே இருக்கிற தம்பிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1969இல் அந்த ஆலைக்காக ஃபேர்சைல்ட் ஒரு அழகான கையேடு அச்சடித்தது. ஒரு பக்கம் நவஹோ பெண்கள் நெய்யும் கம்பளத்தின் கோலம், இன்னொரு பக்கம் சிப்பின் கோலம். இரண்டும் ஒன்று போல இருக்கிறதாம். இந்தப் பெண்களுக்கு நெசவு ரத்தத்திலேயே இருக்கிறது, அதனால் சிப் வேலையும் இயல்பாக வருகிறது என்பதுதான் அது சொல்ல வந்த சேதி. லிசா நகமுரா என்ற ஆய்வாளர் 2014இல் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்.

படித்ததும் எனக்கு ராஜாஜிதான் நினைவுக்கு வந்தார். 1953இல் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டம்: அரை நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில். பெரியாரும் திராவிடர் கழகமும் அதைக் குலக்கல்வி என்று சரியாகப் பெயர் வைத்து எதிர்த்தார்கள். ராஜாஜி பதவி விலக, காமராஜர் 1954இல் திட்டத்தைக் கைவிட்டார். 2023இல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டம் என்று கொண்டுவந்தபோது, 'குடும்பத் தொழில்' என்ற நிபந்தனையைச் சுட்டிக்காட்டித் தமிழ்நாடு அதை இந்த வடிவில் ஏற்க முடியாது என்று சொன்னதும் அதே காரணத்துக்காகத்தான். ரத்தத்தில் இருக்கும் திறமை என்று ஒருவன் பாராட்டத் தொடங்கினால், சம்பளத்தைக் குறைக்கப் போகிறான் என்று பொருள். கூர்மையான கண்ணும் மெல்லிய விரலும் இயற்கையாக வந்தது என்றால், அதற்குத் தனிக் கூலி எதற்கு?

1975 தொடக்கத்தில் ஷிப்ராக் ஆலை நூற்றுக்கும் மேற்பட்டவர்களை வேலையை விட்டு நிறுத்தியது. அமெரிக்க இந்தியர் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் பிப்ரவரியில் ஆலைக்குள் புகுந்து ஒரு வாரத்துக்கும் மேலாக அதைக் கைப்பற்றி வைத்திருந்தார்கள். கம்பெனி பேசித் தீர்க்கவில்லை. ஆலையையே மூடிவிட்டுப் போனது. போக இடமும் இருந்தது. 1960களிலேயே ஹாங்காங்கில் அதற்கு ஆலை இருந்தது. ஆசியப் பெண்களின் விரல்களைப் பற்றியும் இதே பாராட்டுகள்தான் வந்தன.

ஷிப்ராக்கில் செய்த சிப் லாசனின் பெட்டிக்குள் போனது என்று நான் சொல்லவில்லை. ஆலை மூடி ஒன்றரை வருடம் கழித்துத்தான் பெட்டி வந்தது. ஆனால் ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே காலம். ஒருவரை மேசையில் உட்கார வைத்தது, ஆயிரம் பேரை நுண்ணோக்கி முன்னால் உட்கார வைத்துப் பிறகு தெருவில் விட்டது. லாசனின் பெயரையாவது இப்போது சொல்கிறார்கள்.

சரி, நம் பக்கத்துக்கு வருவோம்.

1983 ஜூலையில் ஜப்பானில் நிண்டெண்டோ தன் ஃபேமிகாம் பெட்டியை வெளியிட்டது. 1985இல் அமெரிக்காவுக்கு வேறு உடையில் போனது. உலகம் முழுக்க 6 கோடிக்கும் மேல் விற்றது. மாரியோ, வாத்துச் சுடும் துப்பாக்கி, காண்ட்ரா, டாங்கி, ரோட் ஃபைட்டர் எல்லாம் அதில் ஆடியவை. ஆனால் கவரைப்பேட்டைக்கோ கும்மிடிப்பூண்டிக்கோ நிண்டெண்டோ பெயர் போட்ட பெட்டி வந்ததில்லை. நமக்கு வந்தவை சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர். எல்லாம் ஃபேமிகாமின் நகல்.

நகல் எடுக்க முடிந்ததற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. அமெரிக்காவுக்குப் போன பெட்டியில் கம்பெனி அனுமதிக்காத கேசட்டைத் தடுக்க ஒரு பூட்டுச் சிப் வைத்தார்கள். ஜப்பான் பெட்டியில் அது இல்லை. தைவான்காரர்கள் அதைப் பிரித்து, உள்ளே இருந்த முக்கியச் சிப்புகளை முதலில் தனித்தனியாக நகலெடுத்தார்கள். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, மேலே ஒரு சொட்டுக் கறுப்புப் பசையை ஊற்றி மூடினார்கள். பழைய டிவி கேமைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், உள்ளே அந்தக் கறுப்புச் சொட்டும் நாலு கம்பியும்தான் இருக்கும். விலை சரிந்தது. ரஷ்யாவில் அது டெண்டி ஆனது, சீனாவில் கீபோர்டு வைத்துப் படிப்புக் கருவி என்ற பெயரில் விற்றார்கள். பணக்கார நாட்டுப் பொம்மை உலகத்து ஏழை வீடுகளுக்கு வந்தது இந்தத் திருட்டு வழியில்தான். சட்டப்படி தவறு என்று சொல்லட்டும். சட்டப்படி வந்திருந்தால் நம் வாசலுக்கு வந்திருக்காது.

எங்கள் பக்கத்துக்கு அது ரயிலில் வந்தது. கும்மிடிப்பூண்டி லோக்கலில் சென்ட்ரலுக்குப் போய், அங்கிருந்து பர்மா பஜார், இல்லையென்றால் ரிச்சி தெரு. பர்மா பஜார் 1969இல் பர்மாவிலிருந்து துரத்தப்பட்டு வந்த தமிழர்களின் பிழைப்புக்காக ராஜாஜி சாலை ஓரத்தில் தொடங்கியது. அகதிகளின் கடையில் நகல் பெட்டி. ஒரு மஞ்சள் கேசட்டில் 9999 ஆட்டம் என்று போட்டிருக்கும். எண்ணிப் பார்த்தால் சில டஜன் தேறும், மற்றதெல்லாம் அதே ஆட்டத்தின் வேறு வேறு கட்டங்கள்.

எங்கள் காலனிக்கு முதல் பெட்டி வந்தது சிப்காட் இரும்பு ஆலை ஒன்றில் வேலை பார்த்த அண்ணன் ஒருவரின் தீபாவளி போனஸில். 1990களின் பிற்பகுதி. அவர் வீட்டில் கறுப்பு வெள்ளை டிவி. ஆண்டெனா ஒயரைக் கழற்றி, டிவி கேம் ஒயரைச் செருகி, சேனலைத் திருகித் திருகி மாரியோ தெரிவதற்குள் அரை மணி நேரம் ஆகிவிடும். பிக்சர் டியூப் போய்விடும் என்று அவர் அம்மா திட்டிக்கொண்டே இருப்பார். அந்தக் கால டிவி வைத்திருந்த எல்லா அம்மாக்களும் இதையேதான் சொன்னார்கள்.

ஊர்ப் பையன்களும் வந்தார்கள். இதை எழுதத்தான் வேண்டும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பெரிய வீடுகளில் கலர் டிவி இருந்தது. ஆனால் டிவி கேம் இங்கேதான் முதலில் வந்தது. கூடப் படித்தவர்கள், காலனி வீட்டுக்குள் வந்து பாயில் உட்கார்ந்து காண்ட்ரா ஆடினார்கள். காண்ட்ராவில் ஒரு அருவிக் கட்டம் உண்டு. மேலே மேலே தாவி ஏற வேண்டும். இருவர் ஆடும்போது ஒருவன் அவசரமாக ஏறிவிட்டால் திரை மேலே போய், கீழே நிற்பவன் செத்துவிடுவான். அதனால் 'இருடா, இருடா' என்று ஒருவனுக்கு ஒருவன் காத்திருந்து ஏறுவோம். இரண்டு மணி நேரம் அப்படி ஆடிவிட்டு, தாகம் எடுத்தால் அவர்கள் தங்கள் வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். யாரும் எதுவும் சொல்லிக்கொண்டதில்லை. பத்து வயதில் அதற்குப் பெயர் தெரியாது. கண்ட்ரோலரைத் தொடலாம், சொம்பைத் தொடக் கூடாது.

எங்கள் அக்கா தங்கைகளின் கணக்கு வேறு. அவர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். தண்ணீர் பிடிக்க, தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள, அடுப்பைப் பார்க்க அவர்களைக் கூப்பிட்டபடியே இருந்தார்கள். அவர்கள் கைக்குக் கண்ட்ரோலர் வந்ததாக எனக்கு நினைவே இல்லை. சாதியைப் பற்றிப் பேசும் நாம் இதைத் தாண்டிப் போகக் கூடாது.

பெட்டி இருந்தாலும் டிவி வேண்டுமே. 1980களில் பல ஊராட்சிகளில் பொது டிவி வைத்தார்கள். அது ஊராட்சிக் கட்டடத்தில் இருந்தது, கட்டடம் ஊருக்குள் இருந்தது. காலனியிலிருந்து போனவர்கள் எங்கே உட்கார்ந்தார்கள், எங்கே நின்றார்கள் என்பது அரசு ஆவணம் எதிலும் இருக்காது. இந்த நிலையைப் புரட்டிப் போட்டது 2006இல் தொடங்கிய இலவசக் கலர் டிவி திட்டம். அந்த வருடத் தேர்தல் வாக்குறுதி அது. செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளில் கலைஞர் தொடங்கி வைத்தார். 2011 வரை 1.5 கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குல டிவிகள் வீடுகளுக்குப் போயின. ஓசியில் டிவி கொடுத்து மக்களைச் சோம்பேறி ஆக்குகிறார்கள் என்று படித்தவர்கள் எழுதித் தள்ளினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி தருவது ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலையில் தீர்ப்பு வந்தது.

அந்தத் திட்டத்தில் கேபிள் முதலாளிகளுக்குக் கிடைத்த லாபம் பற்றிப் பேசலாம், பேச வேண்டும். டிவிக்குப் பதில் நிலம் கொடுத்திருக்கலாம் என்பதும் நியாயமான கேள்விதான். ஆனால் அடுத்தவன் வாசலில் நின்று டிவி பார்த்த கடைசித் தலைமுறை அதோடு முடிந்தது. கணக்குப் போட்டவர்கள் யாரும் இதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த டிவிகளின் மஞ்சள், வெள்ளை ஓட்டைகளில் சில நூறு ரூபாய் டிவி கேம் ஒயர்கள் செருகப்பட்டன. 2011இல் ஜெயலலிதா நம் திருவள்ளூர் மாவட்டத்தில் இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கி வைத்த பிறகு, அதே மாரியோவும் காண்ட்ராவும் பென் டிரைவ் வழியாக லேப்டாப்புக்கு ஏறின. பிறகு ஃபோன் வந்தது, டிவி கேம் குப்பைக்குப் போனது.

ஆனால் நுண்ணோக்கி முன்னால் உட்காரும் பெண்கள் போகவில்லை. அவர்கள் இப்போது நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். உலகத்தின் பெரிய கேம் பெட்டிகளைக் கோத்துக் கொடுக்கும் நிறுவனம் ஃபாக்ஸ்கான். 2012 ஜனவரியில் சீனாவின் வூஹானில், எக்ஸ்பாக்ஸ் கோக்கும் பிரிவின் தொழிலாளர்கள் ஆலைக் கூரையில் ஏறி நின்று குதித்துவிடுவோம் என்றார்கள். அதே நிறுவனம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐஃபோன் செய்கிறது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டில் விஷம் ஏறி நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பெண்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். சக தொழிலாளர்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது. சிறிய ஊர்களிலிருந்து வந்த இளம்பெண்கள். 'கவனமாக, பொறுமையாக வேலை செய்வார்கள்' என்று அவர்களைப் பற்றிச் சொல்லப்படுவதைக் கேட்கும்போது, அந்த 1969 கையேட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஆட்டத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால், அங்கேயும் அதே கதை. இந்தியாவிலேயே செய்து பிளேஸ்டேஷன் 2க்கு வந்த முதல் ஆட்டம் 2009இல் வந்த ஹனுமான். 2020இல் பெயர் வாங்கிய ராஜியும் புராணப் பின்னணிதான். தமிழில் மனதுக்கு நெருக்கமாக வந்தது 2023இல் கனடாத் தமிழர் ஒருவரின் குழு செய்த வெண்பா. புலம்பெயர்ந்த ஒரு குடும்பம், அம்மாவின் கிழிந்த சமையல் குறிப்பேடு, முதல் கட்டமே இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதுதான். ஆடிப் பாருங்கள், நல்ல ஆட்டம். 2024இல் பிரிட்டனின் பாஃப்டா விருதும் வாங்கியது. ஒரு சமையலறையை வைத்து இவ்வளவு சொல்ல முடியும் என்றால், ஒரு சொம்பை வைத்து எவ்வளவு சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது.

கவரைப்பேட்டையைச் சுற்றி இன்று பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. நம் பிள்ளைகள் அங்கே கணினி படிக்கிறார்கள். கோடோ என்ற மென்பொருள் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஆட்டம் செய்து பார்க்கலாம். செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதல் வேலையாக வீட்டில் இருக்கும் தாத்தா பாட்டியிடம் உட்காருங்கள். ஊராட்சி டிவி எந்தக் கட்டடத்தில் இருந்தது, ஒளியும் ஒலியும் பார்க்கப் போனபோது யார் திண்ணையில், யார் தெருவில், மழை வந்தால் யாரை உள்ளே விட்டார்கள் என்று கேளுங்கள். ஊர்ப் பெயர், வருடம், முடிந்தால் அந்த இடத்தின் படம் ஒன்று வரைந்து எழுதி அனுப்புங்கள்.